காடியில் மஞ்சள் டயர் விளக்கு எரிகிறதா? எப்படி எரிகிறது என்று பாருங்கள்

எங்கள் குடும்ப வாட்சப்பில் மாதம் ஒருவராவது டேஷ்போர்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள், "இது என்னா லைட்டு?" என்று கேட்டு. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அடியில் பல் பல்லாக, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி, மஞ்சள் நிறம். டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு அது. நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். விளக்கு எடுத்ததிலிருந்தே விடாமல் எரிகிறதா, இல்லை கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அப்புறம் விடாமல் எரிகிறதா? டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது, அளந்தீர்களா? இரண்டாவது கேள்விக்கு இதுவரை ஒருவரும் எண்ணைச் சொன்னதில்லை. "பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது ஐயா. இப்போது வரும் ரேடியல் டயர் 33 பிஎஸ்ஐயில் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்தாலும் 26இல் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். காலால் உதைத்துப் பார்ப்பதும் வீண், உதைக்கிறவருக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் காற்றை அளக்கும் அளவுமானி. நான் சுங்கை சிப்புட் டவுனில் 18 வெள்ளிக்கு வாங்கிய ஒன்று ஐந்து வருடமாகக் காடிக்குள்ளேயே கிடக்கிறது. எண்ணெய் (பெட்ரோல்) ஸ்டேசன் மெஷினிலும் அளக்கலாம், ஆனால் அந்தக் குழாய் தினமும் நூறு பேர் தரையில் போட்டு இழுப்பது, இரண்டு மூன்று பிஎஸ்ஐ தப்பாகக் காட்டும் மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பெரும்பாலும் கிலோபாஸ்கல் என்ற இன்னோர் அலகில் எழுதியிருப்பார்கள்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 230 என்றால் 33, 240 என்றால் 35. டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடித்துவிட்டு, "காடி தூக்கித் தூக்கிப் போடுது" என்று வருகிறவர்களும் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொண்டால் கீழே சொல்வது எல்லாம் எளிதாகிவிடும். இந்த விளக்கில் இரண்டு ஜாதி. ஒன்று, ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் வால்வோடு சேர்த்து ஒரு சென்சார், அது காற்றை நேரடியாக அளந்து ரேடியோ அலையில் காடிக்குச் சொல்லும். திரையில் நான்கு டயருக்கும் தனித்தனி எண் வருகிற காடி என்றால் இந்த வகைதான், என்னுடைய ப்ரோட்டோன் எக்ஸ்70 இப்படி. இன்னொன்றில் டயருக்குள் ஒன்றுமே இருக்காது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் சப்பையாகும், சப்பையானால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்கு மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கனவே சக்கரத்தில் இருக்கும் வேக சென்சாரை வைத்து அந்த வித்தியாசத்தைக் காடி ஊகித்துக்கொள்ளும். மூளையுள்ள ஏற்பாடுதான், ஆனால் ஏமாறக்கூடியது. பழைய மைவி, வீரா, கன்சில் எல்லாம் இரண்டிலும் சேராது, அவற்றில் விளக்கே கிடையாது.

காலையில் எரிகிறது, கொஞ்ச தூரம் ஓட்டினால் தானாக அணைகிறது

எனக்கு வரும் படங்களில் பாதி இதுதான், அதுவும் அக்டோபர், நவம்பர் மழையில்.

எங்கள் மாமா லிந்தாங் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். தீபாவளிக்குத் துணி எடுக்க ஈப்போ போய்விட்டு மத்தியானம் இரண்டு மணி வெயிலில் 30 கிலோமீட்டர் ஓட்டி வந்து, டவுனுக்குள் நுழைந்ததும் எண்ணெய் போட்டுக் கையோடு காற்றும் அடித்திருக்கிறார். மெஷினில் 33 வைத்தார், பீப் அடித்தது, திருப்தியாக வீட்டுக்குப் போனார். மூன்று வாரம் கழித்து ஒரு மழைநாள் காலை ஆறரைக்கு விளக்கு எரிகிறது. "இப்பத்தானே காத்து அடிச்சேன், சென்சாரு கெட்டுப் போச்சு போல" என்கிறார். "மாமா, அன்னைக்கு டயரத் தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "சூடாத்தான் இருந்துச்சு, வெயில்ல ஓடி வந்தா சூடா இல்லாம?" என்றார்.

அங்கேதான் விஷயம். டயருக்குள் இருக்கும் காற்றின் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ ஏறும், இறங்கினால் இறங்கும். வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் நான்கைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அந்தச் சூட்டில் 33 வைத்தால், ராத்திரி ஆறிய பிறகு உண்மையில் இருப்பது 28, 29. நல்ல டயரே மாதம் ஒன்று இரண்டு பிஎஸ்ஐ தானாக இழக்கும். மழை பெய்த குளிர்ந்த காலையில் இன்னும் ஒன்று போகும். விளக்கு எரியும் எல்லைக்கு வந்தாயிற்று. ஓட்டினால் டயர் சூடாகி எல்லைக்கு மேலே ஏறிவிடும், விளக்கு அணைந்துவிடும். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, அணைந்ததும் நாம்தான் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது: காலையில் காடியை எடுப்பதற்கு முன்பு, அல்லது ஓட்டி நிறுத்திக் குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து அளங்கள். தாளில் இருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். வீட்டில் பம்ப் இல்லை, ஸ்டேசன் வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டிலேயே அளந்து எத்தனை குறைகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் 28 இருந்தது, 33 வேண்டும் என்றால் ஐந்து குறைச்சல். ஸ்டேசனில் அதே டயர் 30 காட்டினால் 35 வையுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சூடாக இருக்கும் டயர் 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்குவது.

விளக்கு எந்த எல்லையில் எரியும்? அமெரிக்க விதிப்படி தாளில் உள்ள அளவில் 25 சதவீதம் குறைந்தால். 2000இல் ஃபயர்ஸ்டோன் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்துக்குப் பிறகு அங்கே சட்டம் வந்து, 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து, எல்லை சுமார் 20 சதவீதம். நம் கணக்கில் 33 என்பது 25, 26க்கு இறங்கிய பிறகுதான் விளக்கு எரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 29இல் ஓடிக்கொண்டிருந்தால் டயர் தேயும், காடி எண்ணெயை அதிகமாகக் குடிக்கும், விளக்கு ஒரு வார்த்தை சொல்லாது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை வைத்துக் காற்று சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம்.

காற்று அடித்தால் அணைகிறது, ஒரு வாரத்தில் மறுபடி எரிகிறது

பங்சர். மெதுவாகப் போகிற பங்சர். இதில் ஏமாந்தவன் நானே. பின்பக்க இடது டயர் வாரம் நான்கு பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டிருந்தது, நானும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் வழியில் அடித்து அடித்து ஒரு மாதம் ஓட்டினேன், ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி. கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, பழைய ஸ்ப்ரே போத்தலில் ஊற்றி, கைபேசி விளக்கை அடித்துக்கொண்டு குந்தினேன். டயரின் மேல்பரப்பு முழுக்க அடித்தேன், ஒன்றும் இல்லை. காடியை அரைச் சுற்று முன்னால் நகர்த்தி மறுபடி அடித்தேன். இரண்டு பள்ளத்துக்கு நடுவே, செம்மண் அப்பியிருந்த இடத்தில், கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நுரையாகச் சேர்ந்தன. மண்ணை நகத்தால் சுரண்டினால் சிங் தகடு அடிக்கும் திருகாணி, தலை தேய்ந்து வெள்ளி மாதிரி மினுங்குகிறது. லயத்து வீடுகளுக்குக் கூரை மாற்றிய சமயம், அந்த வழியாகத்தான் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன்.

அதை அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கும்வரை அதுவே அடைப்பு, பிடுங்கினால் கடைக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். காற்றை நிரப்பிக்கொண்டு நேராக டயர் கடைக்குப் போங்கள். தரையைத் தொடும் பகுதியில் ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டை என்றால் சரிசெய்யலாம். வெளியிலிருந்து ரப்பர் திரியைச் சொருகுவது ஐந்து நிமிட வேலை, டயரைக் கழற்றி உள்ளே பார்த்து ஒட்டுவதுதான் நிலைக்கும். பக்கவாட்டில் ஓட்டை என்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை, டயரை மாற்றுங்கள்.

ஆணி எதுவும் அகப்படவில்லையா? வால்வு மூடியைக் கழற்றி வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஊசி தளர்ந்திருக்கும், மாற்றச் சில காசுதான். அங்கும் இல்லையென்றால் டயரும் ரிம்மும் சேரும் விளிம்பைச் சுற்றி அடித்துப் பாருங்கள். குழியில் விழுந்து ரிம் நெளிந்திருந்தாலும், விளிம்பில் துரு பிடித்திருந்தாலும் அங்கேதான் கசியும். செம்பனை லோரி ஓடும் தோட்டத்துச் சாலையில் குழிக்கா பஞ்சம்.

ஒரு நிமிடம் மினுக்குகிறது, பிறகு விடாமல் எரிகிறது

காடியை ஸ்டார்ட் செய்ததும் 60, 90 விநாடி மினுக்கிவிட்டு அப்புறம் விடாமல் எரிகிறது, ஒவ்வொரு தடவையும் இப்படியே. இது காற்றைப் பற்றிய செய்தி இல்லை. "என்னால் அளக்க முடியவில்லை" என்று காடி சொல்கிறது. எத்தனை தடவை காற்று அடித்தாலும் அணையாது. சில காடிகளில் எண் வர வேண்டிய இடத்தில் கோடு மட்டும் தெரியும்.

காரணம் பெரும்பாலும் சென்சாரின் பேட்டரி. ஐந்திலிருந்து பத்து வருடம் உழைக்கும், உள்ளே வைத்து மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற வழியில்லை, சென்சாரையே மாற்ற வேண்டும். ஒன்று போனால் அதே வயதுடைய மற்ற மூன்றும் வரிசையில் நிற்கும். காடிக்கு எட்டு வயது ஆகி, டயரையும் மாற்றும் வேளை என்றால் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவது என் பழக்கம், கழற்றி மாட்டும் கூலி ஒரு தடவையோடு போகும்.

இரண்டாவது காரணம் டயர் கடை. பெயர் சொல்ல வேண்டாம், எனக்கு நடந்தது. புது டயர் போட்டுவிட்டுக் கடையை விட்டு வந்தேன், பத்து நிமிடத்தில் மினுக்கல். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷினின் அலகு வால்வுப் பக்கத்தில் இறங்கினால் சென்சார் உடைந்துவிடும், அதுதான் நடந்திருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்டால் "இது முன்னமே ஒடஞ்சது, பாஸ்" என்கிறார்கள். அதற்குப் பிறகு நான் டயர் மாற்றப் போனால், வேலை தொடங்கும் முன்பே நான்கு எண்ணும் தெரிகிற திரையைக் கைபேசியில் படம் எடுத்து, பையனிடமும் காட்டி, "தம்பி, உள்ள சென்சார் இருக்கு, வால்வுகிட்ட பாத்து" என்று சொல்லிவிடுகிறேன். உலோக வால்வாக இருந்தால் அதன் ரப்பர் வளையம், ஊசி, நட்டு இவற்றைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அலுமினிய வால்வில் சாதாரணப் பித்தளை ஊசியைத் திருகிவிட்டால் நாளடைவில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காற்றும் அடிக்க முடியாது, கழற்றவும் முடியாது. நிக்கல் பூசிய ஊசி என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்போர்ட் ரிம் மாற்றிவிட்டுப் பழைய சென்சாரைப் பழைய ரிம்மிலேயே விட்டவர்களுக்கும் இதே மினுக்கல்தான். சென்சார் வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள், 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு உண்டு. காடி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்க, சென்சார் மற்றதில் பேசினால் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ரீகொண்டிஷன் காடி வைத்திருப்பவர்கள் பழைய சென்சாரைக் கழற்றி அதன் மேல் உள்ள எண்ணைப் பார்த்த பிறகு வாங்குவது நல்லது. மாட்டியதும் அதைக் காடிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும். சில காடி கொஞ்ச தூரம் ஓடினால் தானே கற்றுக்கொள்ளும், சிலதுக்குக் கருவி வைத்துப் பதிய வேண்டும், அந்தக் கருவி எல்லா டயர் கடையிலும் இருக்காது.

பேரங்காடியில் விற்கும் பங்சர் அடைக்கும் நுரை டின்னை உள்ளே அடித்திருந்தாலும் சென்சாரின் சின்ன ஓட்டை அடைத்துக்கொள்ளும். நடுவழியில் உயிர் காக்கும் சாமான்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டயர் கடையில் போய் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், திறந்ததும் முகத்தில் தெறிக்கும், பாவம் அந்தப் பையன்.

நான்கும் சரியாக இருக்கிறது, ஆனாலும் விளக்கு அணையவில்லை

சென்சார் உள்ள காடி என்றால் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். நிற்கும்போது சென்சார் தூங்கும், 20, 30 கிலோமீட்டர் வேகம் வந்தால்தான் விழித்துப் புது அளவைச் சொல்லும். ஸ்டேசனிலேயே நின்றுகொண்டு விளக்கைப் பார்த்துத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஸ்பேர் டயருக்குள்ளும் சென்சார் வைத்த காடிகள் உண்டு, நான்கும் சரியாக இருந்தால் ஐந்தாவதைப் பாருங்கள்.

சென்சார் இல்லாத வகை என்றால் ரீசெட் செய்ய வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பொத்தான், அல்லது திரையில் அமைப்புகளுக்குள் ஓர் இடம், காடியின் புத்தகத்தில் இருக்கும். இந்த வகைக்கு 33 என்றால் என்னவென்றே தெரியாது. ரீசெட் அடித்த நேரத்தில் நான்கு டயரும் எப்படிச் சுற்றியதோ அதுவே அதற்குச் சரி. என் அத்தை மகன் இதைத் தலைகீழாகச் செய்தான்: விளக்கு எரிந்தது, காற்று அடிக்காமல் ரீசெட் மட்டும் அமுக்கினான், விளக்கு அணைந்தது, சரியாகிவிட்டது என்று கோலாலம்பூர் வரை ஓட்டிப் போய்விட்டு வந்தான். 24 பிஎஸ்ஐயில் சப்பையாக ஓடியதைக் காடி இயல்பு என்று பாடம் பண்ணிக்கொண்டது. டயரின் உட்பக்க விளிம்பு சூடேறி ரப்பர் பொடியாக உதிர்ந்திருந்தது, கழற்றியபோது ஒரு கைப்பிடி விழுந்தது. ஆகவே முதலில் காற்று, பிறகு ரீசெட்.

இதே வகையில் இன்னும் சில பொய் எச்சரிக்கைகள் உண்டு. ஒரு டயரை மட்டும் புதிதாகப் போட்டால், புது டயர் கொஞ்சம் பருமன், காடி குழம்பும். பின்னால் நான்கு உரமூட்டை ஏற்றினாலும், மழையில் செம்மண் சாலையில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் எரியலாம். நல்ல சாலைக்கு வந்து, சுமையை இறக்கி, அளந்து பார்த்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். நான்கு டயரும் ஒரே அளவில் மெதுவாக இறங்கினால் பழைய காடிகள் கண்டுபிடிக்கவே மாட்டா என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கேமரன் மலை ஏறினால் மட்டும் எரிகிறது

"மேல போனா காத்து விரியும், வெடிச்சிரும்" என்று பயந்து சிம்பாங் பூலாயிலேயே காற்றை இறக்கிவிட்டு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி இரண்டு பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே கூட்டிக் காட்டும். அதே நேரத்தில் கீழே 30 டிகிரியில் இருந்த டயர் ராத்திரி 16 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும், அதில் இரண்டரை இறங்கும். ஏறியதும் இறங்கியதும் கிட்டத்தட்ட கழிந்துவிடும், அளவுமானி நீங்கள் வீட்டில் வைத்ததையே காட்டும்.

பிறகு ஏன் விளக்கு எரிகிறது? சென்சார் வெளிக்காற்றைப் பார்க்காமல் டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அளக்கும். காடி உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தையே கழித்தால், குளிரில் இறங்கியது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏற்கனவே 28இல் ஓடியவருக்கு அது எல்லையைத் தாண்டிவிடும். கீழேயே காலையில் அளந்து சரியாக நிரப்பிக்கொண்டு ஏறினால் இந்தத் தொல்லை இல்லை.

மற்ற சில்லறை அறிகுறிகள்

டயரை முன்னும் பின்னும் இடம் மாற்றிய பிறகு தவறான டயரைக் காட்டுகிறதா? சென்சார் இடம் மாறியது காடிக்குத் தெரியாது, பதிவு செய்ய வேண்டும். அதுவரை நான்கையும் அளங்கள். டயர் விளக்கோடு ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், டயருக்குள் சென்சார் இல்லாத வகையில் சக்கரத்தின் வேக சென்சாரோ வயரோ போயிருக்கும், ஃபோர்மேனிடம் விடுங்கள். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு நிறம் என்றால் அது டயரே இல்லை, பிரேக். ஹேண்ட்பிரேக் இறக்கியிருந்தும் எரிந்தால் ஓட்டாதீர்கள்.

பழைய மைவிக்கு இணையத்தில் வாங்கி வால்வு மேல் திருகும் சென்சார் மூடிகள் மோசமில்லை, எண் காட்டும். ஆனால் திருகிய பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், மூடியே கசியக்கூடும். பூட்டு நட்டு கொடுத்திருந்தால் போடுங்கள், இல்லையென்றால் பாசார் மாலாமில் நிறுத்திவிட்டு வரும்போது நான்கில் மூன்றுதான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்து, காடி ஒரு பக்கம் இழுக்கிறது

இதற்கு மட்டும் அளவுமானி பிறகு. திடீரென்று பிரேக் அடிக்காமல், ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், கால் எடுத்து வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். நெடுஞ்சாலை என்றால் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள், லோரி போகும் பக்கம் குனிந்து டயர் பார்க்காதீர்கள். சப்பையான டயரில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் 20 வெள்ளி பங்சர் முழு டயர் செலவாகிவிடும், ரிம்மும் சேர்ந்து போனாலும் போகும்.

ஸ்பேர் போட்டதும் விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம், பல காடிகளின் ஸ்பேரில் சென்சார் இருக்காது. ஒல்லியான தற்காலிக டயர் என்றால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். அதற்கு வேண்டிய காற்று சாதாரண டயர் மாதிரி 33 இல்லை, 60 பிஎஸ்ஐ, அதன் மேலேயே எழுதியிருக்கும். மாமாவுடையதை எடுத்து அளந்தோம். 17 இருந்தது, அதன் மேல் தீபாவளிக்கு வாங்கிய அரிசி மூட்டை.